அறியாமல் நேர்ந்ததா, அறிவிக்காமல் நேர்ந்ததா?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவர் இல்லங்களில், தண்ணீரை வடிகட்டிப் பருகுவதையும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதையும், அடுப்பில் வைக்குமுன் விறகைத் தட்டிப் பார்ப்பதையும் எவரும் பிள்ளைகளுக்குத் தனிப்பாடமாக நடத்துவதில்லை. பாட்டி செய்வதைப் பேத்தி பார்க்கிறாள். பத்து வயதிற்குள் அவள் கை தானே விறகைத் தட்டுகிறது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் இடர் நேராவண்ணம் கைகால்களைப் பழக்கும் பயிற்சி நம்மிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவ்வாறிருக்க, நம் நிலத்திலும் ஆலையிலும் கடையிலும் கூலிக்கு உழைக்கும் மனிதருக்கு, அவர் செய்யும் வேலையில் ஒளிந்திருக்கும் இடரை நாம் கற்பித்திருக்கிறோமா? கற்பிக்காமையால் அவருக்குத் தீங்கு நேர்ந்தால் அது எவருடைய வினைக்கணக்கில் சேரும்? நெடுநாளாக நம் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கும் இவ்வினாவை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

வினா எழுந்த இடத்தையும் சொல்லிவிடுதல் முறை. 1979ஆம் ஆண்டு, சம்பாப் பயிர் தூர் கட்டி நின்ற சமயம். தீபாவளி விடுமுறைக்காக நாம் பணியாற்றிய பள்ளியிலிருந்து வந்தவாசிப் பகுதியிலுள்ள நம் சிற்றூருக்கு வந்திருந்தோம். தந்தையாரின் வயலில் புகையான் விழுந்து, பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்துகொண்டிருந்தது. மருந்தடிக்க ஒருவர் வந்தார். நம் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக உழைத்தவர். நம்மைத் தோளில் ஏற்றி ஏரிக்கரைக்கு அழைத்துப் போனவரின் தம்பி. முதுகில் மாட்டும் தெளிப்பானின் மூடி ஓரமாகக் கசிந்தது. பீச்சுமுனை அடைத்துக்கொண்டபோது அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். நண்பகலில் வரப்பில் அமர்ந்து, கையைச் சேற்று நீரில் அலசிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். சற்றைக்கெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. கண்ணின் பாவை ஊசிமுனையளவாய்ச் சுருங்கியது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "மருந்து டப்பாவைக் கொண்டுவந்தீர்களா?" என்பது. ஒருவரும் கொண்டுவரவில்லை. எனினும் அறிகுறிகளைக் கொண்டே அவர் நஞ்சின் இனத்தை உணர்ந்து, அட்ரோபின் ஊசியை இரவு முழுவதும் விட்டுவிட்டுச் செலுத்தி உயிரை மீட்டார்.

தந்தையார் செலவு முழுவதையும் ஏற்றார். அவர் எழுந்து நடக்கும்வரை அரிசியும் அனுப்பினார். அக்காலத்து நிலக்கிழார் பலர் இதனைச் செய்திரார். ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. பயிருக்கு மருந்தடித்தால் எண்ணற்ற பூச்சிகள் மடியுமே என்று வருந்தி, ஒவ்வொரு போகத்திலும் அடுத்து வரும் சதுர்த்தசியன்று தந்தையார் உண்ணாநோன்பு இருப்பது வழக்கம். அவ்வாண்டும் இருந்தார். பூச்சிக்காக நோன்பு இருந்த அவ்வீட்டில், தெளிப்பவருக்காக ஒருவரும் அரை நாழிகை செலவிட்டதில்லை. களத்தில் அன்று எழுத்தறிந்தவர் நால்வர் இருந்தோம். அவருள் ஒருவர் ஆசிரியை. தகர டப்பாவின்மேல் ஒட்டியிருந்த தாளை நால்வரில் ஒருவரும் படிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அவரை நலம் உசாவியபோது, "ஊதக் கூடாதுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊதியிருக்க மாட்டேனே, டீச்சரம்மா" என்றார். குறையாக அவர் அதைச் சொல்லவில்லை, நிகழ்ந்ததைச் சொன்னார்.

இனி நூல் நெறிக்கு வருவோம். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் முன்னோர் நால்வகையாகப் பகுத்தனர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுக் காரியங்களில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும். மற்ற மூன்றும் முற்றும் விலக்க இயலாதவை, ஆதலின் இயன்றவரை குறைத்துக்கொள்ளத் தக்கவை. தொழிலில் நேரும் விபத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் சிலர் இப்பகுப்பைச் சுட்டி, "இது உத்யோகி இம்சை; தவிர்க்க முடியாதது" என்று அமைதி கொள்வதைக் கேட்டிருக்கிறோம். தவிர்க்க முடியாதது என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக எடுத்தாள்கிறோம்! பீச்சுமுனையை ஊதாதே என்ற இரண்டு சொற்களால் தவிர்ந்திருக்கக் கூடியதைத் தவிர்க்க முடியாதது என்பது எங்ஙனம் பொருந்தும்?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் பிரிந்தது என்பதோடு நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்றார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, அசட்டை. நம் பகுதியிலுள்ள பொன்னூர் மலையில் திருவடி வழிபாடு பெறும் குந்தகுந்தாசாரியாரும் பிரவசனசாரத்தில் இதனையே வேறு முகமாக விளக்குகிறார். விழிப்போடு நடப்பவனின் செயலில் தற்செயலாக ஓருயிர் மடியினும் அவனைப் பாவம் பற்றாது. விழிப்பின்றி நடப்பவனோ உயிர் மடியினும் பிழைப்பினும் இம்சை செய்தவனே. இக்கருத்தை நாம் இதுகாறும் நடக்கும் காலுக்கும் பெருக்கும் துடைப்பத்திற்கும் பொருத்தியே பார்த்துவந்தோம். கூலி கொடுத்து ஒருவரை இடருள்ள வேலைக்கு ஏவும் வாய்க்கும் இது பொருந்தாதா? செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவழியாலும் வினை வந்து சேரும் என்று கொள்ளும் சமயத்தில், செய்விப்பவனின் அசட்டையைக் கணக்கில் கொள்ளாமல் விட வழியில்லை. அவ்வழக்கில் ஊதியவர் அறியாமல் ஊதினார். அவரிடம் அசட்டை இல்லை, அறிவு இல்லை. அறிய வாய்ப்பிருந்தும் அறிந்துகொள்ளாமல், அறிவிக்காமல் ஏவிய நம்மிடமே பிரமாதம் இருந்தது.

உயிர் பிழைத்துவிட்டதே என்பதும் விடையாகாது. அவர் பிழைத்த ஆண்டிலும் நாம் பிரமாதத்தோடு இருந்தோம். அதற்கு முன் எதுவும் நேராமற்போன பதினான்கு ஆண்டுகளிலும் அவ்வாறே இருந்தோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அவர்கள் பிறந்தது முதல் இந்த வேலையைச் செய்பவர்கள், அவர்களுக்கு நாம் என்ன கற்பிப்பது?" என்பர். பணிவுபோலத் தோன்றும் இப்பேச்சில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஏர் பூட்டவும் மடை மாற்றவும் நாம் அவர்களிடமே கற்க வேண்டும். ஆனால் அனுபவம் என்னும் ஆசிரியர், கண்ணுக்குத் தெரியும் இடரை மட்டுமே செவ்வனே கற்பிப்பார். அரிவாள் வெட்டினால் குருதி வரும். மறுமுறை கை எச்சரிக்கையாகும். பூச்சிக்கொல்லியோ தோல் வழியே ஓசையின்றிப் புகுகிறது. நரம்பு இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு நொதியை அது சிறுகச் சிறுக முடக்குகிறது. நேற்று முடங்கியது மீளுமுன் இன்று மீண்டும் தெளித்தால், ஒரு நாள் அளவு கடந்துவிடுகிறது. "நூறு தடவை அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அனுபவம் கற்பித்த பாடமே நூற்றோராம் தடவை கொல்கிறது. போதாக்குறைக்கு நம் மொழி வேறு நஞ்சுக்கு மருந்து என்று பெயர் சூட்டியிருக்கிறது. மருந்தைக் கண்டு எவர் அஞ்சுவர்?

அரசு இக்கடமையை அறியாமல் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வகுக்கப்பட்ட விதிகள், பூச்சிக்கொல்லியைக் கையாள்வோருக்குக் காப்புடையும் பாதுகாப்புப் பயிற்சியும் தரப்பட வேண்டும் என்கின்றன. டப்பாவின்மேல் சாய்சதுரக் குறியொன்று உண்டு. அதன் கீழ்ப்பாதியின் நிறமே நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதனினும் குறைந்தது நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. எழுத்தறியாதவரும் அறியவேண்டும் என்றே நிறத்தால் அமைத்தனர். ஆனால் நிறத்திற்கு என்ன பொருள் என்பதை எவரேனும் ஒருமுறை சொல்லித் தந்தால்தானே அது பயன்படும்? நம் ஊரில் ஒரு கூட்டத்தில் கேட்டபோது, பச்சை என்றால் பயிருக்கு, சிவப்பு என்றால் பழத்துக்கு என்று ஒருவர் விடை சொன்னார்.

தொழிற்சாலைகளின் கதை இதனினும் கசப்பானது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நச்சு வாயுவைக் கக்கிய ஆலையும் பூச்சிக்கொல்லி செய்த ஆலைதான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். செலவைச் சுருக்கும் முயற்சியில் அங்கே ஆட்களின் எண்ணிக்கையும் அவர்கள் பெறும் பயிற்சியின் காலமும் குறைக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆலையைச் சுற்றி வாழ்ந்தோருக்கோ ஒன்றுமே சொல்லப்படவில்லை. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தால் எத்தனையோ பேருக்குத் தீங்கு குறைந்திருக்கும். அச்சிறு செய்தியைச் சொல்வதற்கு ஆகும் செலவு யாது? அதன் பிறகே, 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளருக்கு வேண்டிய தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது ஆலையை நடத்துபவரின் பொதுக் கடமை என எழுதப்பட்டது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கடமை இடம்பெற்றது. 2022இல் பன்னாட்டுத் தொழில் மாநாடு, பாதுகாப்பான பணிச்சூழலை உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் ஆலைக்காக எழுதிய சட்டம் வரப்பில் நிற்பவரை எட்டுவதில்லை. 2017இல் மராட்டியத்தின் யவத்மாள் மாவட்டத்தில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திச் செடிகளுக்கு மருந்தடித்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். அவர்களுள் கூலியாட்களும் இருந்தனர், சொந்த நிலத்தில் தெளித்த உழவர்களும் இருந்தனர்.

இதுவரை பயிற்சியின் பக்கமே பேசினோம். அதனை ஐயுறுவோர் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்தல் முறையாகாது. நெசவாலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்த உறவினர் ஒருவர் நம்மிடம் கூறினார்: "அக்கா, பயிற்சி என்பது இப்போது ஒரு கையெழுத்து. அரைமணி நேரம் ஏதோ பேசுவார்கள்; தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். விபத்து நேர்ந்தால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள், சொல்லிக்கொடுத்தோம், அவன்தான் கேட்கவில்லை என்று." இதனைக் கேட்டு நாம் திகைத்தோம். பயிற்சி காப்பதற்கன்றிப் பழியை மாற்றுவதற்கும் பயன்படும் என்றால், அது பிரமாதத்தின் மேல் போர்த்திய போர்வையேயாம்.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நம் பேராசிரியை அடிக்கடி கேட்பார்: "நீ சொன்னாய், சரி. குழந்தை கற்றதா?" பாடக்குறிப்பு எழுதிவிட்டேன், கரும்பலகையில் எழுதிவிட்டேன் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. குழந்தை தானே செய்து காட்டும்வரை பாடம் நடக்கவில்லை என்பது அவர் கொள்கை. வேலைப் பயிற்சிக்கும் அளவுகோல் இதுவே. மேலும் ஒன்று: கையுறையும் முகமூடியும் அணி என்று கற்பித்துவிட்டு, சித்திரை வெயிலில் அவற்றை அணிந்தால் மூச்சு முட்டும் என்பதை எண்ணாமலும், ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி விரையச் செய்தும், கசியும் தெளிப்பானையே கையில் கொடுத்தும் பயிற்சி அளித்தோம் என்று பெருமை கொள்ளலாகாது. பாதுகாப்புத் துறையினர் இதற்கு ஒரு வரிசை வகுத்துள்ளனர். முதலில் இடரையே நீக்க முடியுமா என்று பார், இல்லையேல் குறைந்த இடருள்ளதை வை, கருவியைச் செப்பனிடு, வேலை முறையை மாற்றிப் பயிற்சி கொடு, காப்புடை கடைசி. நம்மவரோ பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். பலர் அதையும் தொடங்குவதில்லை. அணுவிரதிக்குரிய அகிம்சையின் ஐந்து வழுக்களுள் அளவிற்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை இங்கே நினைவுகூர்வோம். அது வண்டி மாட்டுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. ஏவலரையும் சேர்த்தே உரை வகுப்பர்.

எனின், இடரையே நீக்கும் பயிற்சி உண்டா? உண்டு, அதை அறிந்த நாள் நமக்குப் பெருமகிழ்ச்சி தந்த நாள். இந்தோனேசிய நாட்டில் நெற்பயிரைப் புகையான் அழித்துக்கொண்டிருந்தது. தெளிக்கத் தெளிக்க அது பெருகியது. காரணம், புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் பிற உயிர்களும் மருந்தால் முதலில் மடிந்தன. 1986இல் அந்நாட்டரசு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது. 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. கூரையும் பலகையும் இல்லாப் பள்ளி, வாரம் ஒருமுறை உழவர் வயலில் கூடுவர், தூர்களைப் பிரித்துப் பார்த்துப் பயிரை உண்ணும் பூச்சி எத்தனை, அப்பூச்சியை உண்ணும் உயிர் எத்தனை என்று எண்ணுவர், படம் வரைவர், தெளிக்கத்தான் வேண்டுமா என்று தமக்குள் வாதிட்டு முடிவு செய்வர். பல வயல்களில் தெளிக்க வேண்டியதில்லை என்பதே விடையாக வந்தது. பின்னர்த் தமிழகத்திலும் வேளாண்மைத் துறையினர் இத்தகைய பள்ளிகளை நடத்தியுள்ளனர். பூச்சிக்காக நோன்பிருந்த நம் தந்தையார் இதனைக் காண இல்லையே என்று ஏங்கினோம். ஒரு பயிற்சி, மனிதனையும் காத்துச் சிலந்தியையும் காக்கிறது! இதைவிட நம் நெறிக்கு இசைந்த கல்வி வேறு யாதுளது?

ஆயினும் எல்லா வயலிலும் தெளிப்பு நின்றுவிடவில்லை. நம் தம்பியின் மணிலாத் தோட்டத்திலும் நிற்கவில்லை. பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின், வயது எழுபதை நெருங்கிய வேளையில், நாம் கற்ற பாடமுறையை ஒருமுறை களத்தில் சோதித்துப் பார்த்தோம். மருந்தடிக்க வந்த ஐவரையும், களை பறிக்கும் பெண்டிரையும் நெற்களத்தில் கூட்டினோம். டாங்க்கில் மருந்திற்குப் பதில் தண்ணீரை நிரப்பி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தோம். ஒருவர்க்குத் தம்பியின் பழைய வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் உடுத்தச் சொல்லி, தோட்டத்தில் இரண்டு பாத்தி தெளித்துவரச் சொன்னோம். என்ன கூத்து இது என்று எல்லாரும் நகைத்தனர். அவரும் நகைத்துக்கொண்டே போனார்.

திரும்பி வந்து நின்றபோது முன்கைகள் இரண்டும் நீலம். முழங்காலுக்குக் கீழ் வேட்டி நீலம். காற்றுக்கு எதிரே திரும்பிய இடத்தில் கழுத்தும் கன்னமும் புள்ளி புள்ளியாய் நீலம். அவர் முதுகைத் திருப்பியதும் நகைப்பு நின்றது. மூடியிலிருந்து கசிந்த நீலம் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒரு கையகலத்துக்கு இறங்கி, வேட்டி மடிப்பிலும் ஊறியிருந்தது. அந்தச் சட்டையைத் தினமும் துவைப்பது அவர் மனைவி. அவ்வம்மையார் எழுந்து வந்து முதுகைத் தொட்டு, நீலம் பட்ட தம் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாம் சொல்ல நினைத்திருந்த பாடத்தில் பாதியைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காற்றின் போக்கிலே நடத்தல், முனை அடைத்தால் ஊதாமல் மெல்லிய ஈர்க்கால் குத்துதல், உண்ணுமுன் சோப்பிட்டுக் கழுவுதல், மயக்கம் வந்தால் மோரைத் தேடாமல் டப்பாவோடு மருத்துவமனைக்கு ஓடுதல், தெளித்த வயலில் மறுநாளே களை பறிக்க இறங்காதிருத்தல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் செய்து காட்டினர், அல்லது தம் வாயால் திருப்பிச் சொன்னர்.

இளைஞன் ஒருவன் மட்டும் தம்பியைப் பார்த்து, "எல்லாம் சரி, ஐயா. டாங்க்கு ஒழுகுதே, அதுக்கு நாங்க என்ன கத்துக்கணும்?" என்றான். தம்பி ஒன்றும் பேசவில்லை. மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிதிவண்டியை எடுத்தான். வந்தவாசியில் முதல் இரண்டு கடைகளில் அந்த அளவு கிடைக்கவில்லையாம். வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. எடுத்து வைத்த உணவை மூடிவிட்டு, திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு வாஷரைப் பொருத்தினான்; தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துப் பார்த்தான். அன்றிரவு அவன் உண்ணவில்லை.